கொழுப்புப் படமும் விளக்கெண்ணெய்த் துணியும்

என் அண்ணன் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். அதைக் கொழுந்தன் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நான் மயினியிடமே (அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்க் கேட்டேன்.

"ஒளிச்சு ஒளிச்சு வச்சுதாம்ல இம்புட்டு தூரம் வந்து நிக்குது. நீ எழுது. ஆனா கட்டி கட்டின்னு மட்டும் எழுதாத. எங்க கட்டின்னும் எழுது" என்றார்.

அதனால் எழுதுகிறேன். சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில், மயினி சாப்பிட்டு உட்கார்ந்து பேசுகிற நல்ல வாரம் ஒன்று வரும். அப்படி ஒரு வாரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மும்பை தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ளே எங்கள் வீடு. அண்ணன் கத்தாரில் வெல்டர். அம்மா, மயினி, அண்ணன் மகள், நான் என்று நான்கு பேர் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முலுண்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். படித்தவன் ஒருத்தன் இருந்தால் வங்கி, போலீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவன் தலையில்தான். அப்படித்தான் இதுவும் என்னிடம் வந்தது.

மயினி பெயர் இசக்கியம்மாள். ரவிக்கை தைப்பவர். எங்கள் சந்தில் அவர் தைத்த ரவிக்கை போடாத பெண் இல்லை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "மூச்ச இழுத்து புடிக்காத, நெஞ்ச நிமித்து, சாப்புடும்போது பித்தான் தெறிச்சிரும்" என்று பெண்களை அதட்டுவார். மற்றவர்களின் மார்பளவை நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருந்த அதே மனுஷி, தன் இடது மார்பில் ஒரு பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்தார் தெரியுமா? தன் ரவிக்கையின் இடது பக்கத் தையலைப் பிரித்து, குழி தெரியாதபடி திருத்தித் தைத்துப் போட்டுக்கொண்டார். குழி பெரிதானதும் இன்னொரு முறை பிரித்துத் தைத்தார். நோய்க்குத் தக்கபடி ரவிக்கை மாறிக்கொண்டே வந்தது. இடது கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம், "மயினிக்கு மேலுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். எங்கே முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவமனை செம்பூர் பக்கம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஜன்னலிலும் "ஹஸ்பண்ட்?" என்று கேட்பார்கள். இல்லை, கணவரின் தம்பி என்பேன். மேலும் கீழும் பார்ப்பார்கள். எந்தப் பிரிவுக்கு வந்திருக்கிறோம் என்பதே எனக்கு அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். மயினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் இருவருக்குள்ளும் ஒரு பாஷை. கட்டி என்போம். 'அது' என்போம். 'அங்க' என்போம். அந்த உறுப்பின் பெயரை மட்டும் இரண்டு பேருமே சொல்ல மாட்டோம்.

ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று உறுதியானது. பொதுவாக எல்லோரும் நினைப்பதுபோல் உடனே கத்தி வைக்கவில்லை. முதலில் கீமோ மருந்து. மருந்துக்குக் கட்டி சுருங்கினால், கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தால் போதும். சுருங்காவிட்டால் மார்பு முழுவதையும் எடுக்க வேண்டும், மருந்தையும் மாற்ற வேண்டும். மருந்து கேட்கவில்லை என்றால் மார்புக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மேடம் என்னிடம் சொன்னார். ஆக, மருந்து வேலை செய்கிறதா இல்லையா? பல மாதமாக எங்கள் வீட்டில் அடுப்பில் உலை வைத்தாலும், தொலைக்காட்சி ஓடினாலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடியது இந்த ஒரே கேள்விதான்.

மருந்து ஏறிய மறுநாள் மயினிக்குக் கடுகு தாளிக்கிற வாசம் ஆகாது. அம்மா அந்த நாட்களில் தாளிப்பதையே விட்டாள். எதிர் வீட்டு ஜெபமணி அக்கா வாரம் மூன்று நாள் கருவாடு பொரிக்கிறவர். எங்கள் வாசலில் வாந்தி வாளியைப் பார்த்தால் அன்றைக்கு அவர் வீட்டில் வெறும் பருப்புதான். துணி கொடுத்திருந்த பெண்கள் ஒருத்திகூட "என்னாச்சு என் ரவிக்கை?" என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பழைய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் நான் மறக்க மாட்டேன். மயினியின் முடி கொட்டியபோது, "திருச்செந்தூர் மொட்டையா?" என்று கேட்டவர்களிடம் மயினி "ஆமா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யையும் மறக்க மாட்டேன். கேட்கிறவர்கள் நல்லவர்கள்தான். அவர்களிடம்கூட உண்மையைச் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

இனி தலைப்பில் சொன்ன படத்துக்கு வருகிறேன்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தக் குழாய். எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்லை. மார்பைப் படம் எடுக்கக் குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், மார்பு அதற்குள் தொங்க வேண்டும். அசையக்கூடாது. காதடைக்கிற சத்தம். "பெல்ட் அறுந்த மெஷின்ல யாரோ விடாம பெடல் மிதிக்க மாதிரி இருக்குல" என்றார் மயினி. மருந்து தொடங்குவதற்கு முன்பு ஒரு முறை எடுத்தார்கள். பாதி மருந்து ஏறிய பிறகு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது முறைக்கு முன்னால் டாக்டர் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் முறை போலவே இப்போதும் வழக்கமான படத்தோடு கொழுப்பையும் தனியாகப் படம் எடுக்கிறோம் என்றார். பெண்ணின் மார்பில் பெரும் பகுதி கொழுப்பு. உடம்பில் இருக்கிற நீரும் கொழுப்பும் அந்தக் காந்தத்துக்குள் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும். அதை வைத்து நீரை ஒரு படமாகவும் கொழுப்பை ஒரு படமாகவும் பிரித்துவிடலாம். புற்றுக்கட்டி வளரும்போது பக்கத்துக் கொழுப்பைச் சும்மா விடாது. தள்ளும், கரைக்கும், அதன் தன்மையையே மாற்றும். மருந்து வேலை செய்தால், கட்டியின் அளவு குறைவதற்கு முன்பேகூட சுற்றியுள்ள கொழுப்பில் மாற்றம் தெரியலாம். தெரியலாம் என்றுதான் சொன்னார், தெரியும் என்று சொல்லவில்லை. இது இன்னும் ஆய்வில் இருக்கிற முறை, இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டோம், ஆனால் குழப்பமான நேரத்தில் இன்னொரு சாட்சி மாதிரி உதவும் என்றார். ஆய்வுக் கணக்கில் போவதால் இதற்குப் பணம் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தது. அண்ணன் அங்கே கூடுதல் வேலை பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

அத்தனையும் எனக்குப் புரிந்தது. வெளியே வந்தேன்.

"என்னல சொல்லுதாவ?"

"இன்னொரு ஸ்கேன் மயினி."

"போன தடவ எடுத்ததுதானா?"

"அதேதான். கொஞ்சம் நல்லா தெரியுமாம்."

அவ்வளவுதான் சொன்னேன். கொழுப்பு என்று சொன்னால் எங்கே கொழுப்பு என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

ஸ்கேன் அன்று, வழக்கமாகப் படுக்க வைத்துச் சரிசெய்யும் பெண் ஊழியர் விடுப்பில் இருந்தார். ஒரு வயதான ஆண் ஊழியர்தான். மயினி தானே படுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவரும் கண்ணியமானவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை நீட்டியிருக்கிறார். எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் மேடம் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். முகம் சரியில்லை. கட்டியின் நீளம் அகலம் அப்படியேதான் இருக்கிறது, குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை என்றார். கொழுப்புப் படத்திலாவது ஏதாவது தெரியும் என்று பார்த்தால் அது கெட்டுப் போயிருந்தது. திரையில் காட்டினார். மார்பின் அடியில், தோலுக்கு வெளியே, மடித்த பட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று ஒன்று ஜொலித்தது. மார்பும் அந்தப் பக்கம் அழுந்தி வடிவம் மாறியிருந்தது. உடம்புக்கு வெளியே கொழுப்பு எப்படி வரும்?

"ஸ்கின் பே குச் லகாயா தா க்யா?" என்றார். தோலில் ஏதாவது தடவியிருந்தாரா, கேட்டுச் சொல்லுங்கள். வியாழக்கிழமை டாக்டர்கள் கூடுகிறார்கள். இப்படியே போனால் மருந்து கேட்கவில்லை என்று வைத்து, முழுவதையும் எடுத்துவிடலாம் என்றுதான் பேச்சு வரும்.

நான் கூடத்துக்கு வந்தேன். நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மயினி பக்கத்தில் ஒரு குஜராத்திக் குடும்பம். எதிரே ஆண்டாப் ஹில்லில் இருந்து வரும் தமிழ்க்காரர் ஒருவர், மனைவியோடு.

"மயினி... போன வாரம் அங்க எதுவும் தடவுனியளா?"

"எங்க?"

"அங்கதான்."

"எங்கல? தலையிலயா?"

"இல்ல மயினி. அது... அங்க."

எதிரே இருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். மயினிக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "ஜெபமணி அக்காதான் கட்டச் சொன்னா" என்றார். "வெளக்கெண்ணெயில துணிய நனச்சு கட்டுனா சூடு இறங்கி கட்டி இளகும்னா. மூணு நாளு அவுக்கக் கூடாதுன்னா. அன்னைக்கு ரெண்டாம் நாளு. உள்ள மடிச்சு வச்சிருந்தேன்."

எண்ணெய் கொழுப்புதானே. நீரையும் கொழுப்பையும் பிரித்துப் பார்க்கிற காந்தத்துக்குள் மயினி ஒரு மடிப்பு விளக்கெண்ணெயைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அது கொழுப்பைப் போலவே வெள்ளையாக எரிந்திருக்கிறது.

"ஐயோ மயினி, அவங்க எடுத்ததே கொழுப்பப் படம் எடுக்கத்தான்" என்றேன். அங்கேயே நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் சொன்னேன். கட்டி சுருங்கவில்லை என்பதையும், வியாழக்கிழமையையும்.

மயினி கேட்டுக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"இந்தக் கொழுப்பு விவரம் உனக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்கேனுக்கு முன்னாலயே."

"டாக்டரம்மா உங்கிட்ட சொன்னாவ. நீ எங்கிட்ட சொல்லல."

"எப்படி மயினி சொல்ல?"

"வாயாலதான். நான் சொல்லாம ரவிக்கையப் பிரிச்சுத் தச்சேன். நீ சொல்லாததால துணியக் கட்டிட்டுப் போனேன். அந்த ஆளு பாக்காததால அதோட படுத்தேன். நல்ல மரியாதல இது! இந்த மரியாதைக்கு நான் சாவணுமா?"

கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மயினி எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். நான் தடுப்பதற்குள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

மயினிக்கு இந்தி கடைத்தெரு இந்திதான். நூல், ஊசி, பித்தான் வாங்கிப் பழகியது. அதில்தான் சொன்னார்: "மேடம், மேரா சாத்தி ஹை. மேரே கோ போலோ."

என் மார்பு. என்னிடம் சொல்லுங்கள்.

டாக்டர் மேடம் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். திரையை மயினி பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்து, "நீங்கள் வெளியே இருங்கள்" என்றார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. நடுவில் ஒரு முறை டாக்டர் சிரிப்பது கேட்டது. விளக்கெண்ணெய்க் கதையாக இருக்கும். வெளியே வந்த மயினி, "நாளைக்குத் திரும்ப எடுக்காவ. வியாழக்கிழமைக்குள்ள பாத்துருவாவ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் முதலில் ஜெபமணி அக்காவைக் கூப்பிட்டார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, உன் எண்ணெய் அந்த மெஷினுக்குள்ள போயி லைட் போட்ட மாதிரி எரிஞ்சிருக்கு."

"ஆத்தி! ஏளா, மெஷினு கெட்டுட்டா?"

"மெஷினுக்கு ஒண்ணும் ஆவல. என் மாருதான் கெட்டுக் கெடக்கு. இனிமே எண்ணெயும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். நீ கருவாடு பொரிக்காம இருக்க பாரு, அது போதும் எனக்கு."

ஜெபமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜெபமாச்சும் பண்ணலாம்லா?" என்றார். "அது படத்துல தெரியாது, பண்ணு" என்றார் மயினி.

மறுநாள் பெண் ஊழியர் வந்திருந்தார். மயினி உள்ளே போகும்போதே அவரிடம் "தேக் லோ, குச் நஹி ஹை" என்று சொல்வது எனக்குக் கேட்டது. பார்த்துக்கோ, ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டு வந்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்தோம். காத்திருப்பதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கூடத்தின் மின்விசிறிகளில் எது சத்தம் போடும் என்பது வரை தெரியும், அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. பயந்தேன். மயினி இல்லாத வீட்டைக்கூட ஒரு தரம் நினைத்துப் பார்த்தேன், அப்படி நினைத்ததற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன். மயினி என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போனார்.

திரும்பி வந்தபோது முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. "வா, பஸ்ஸப் புடிப்போம்."

"என்ன சொன்னாவ மயினி?"

"நடல. சொல்லுதேன்."

தாராவிப் பக்கம் போகிற பஸ் நிரம்பி வழிந்தது. ஒரு பெண் நகர்ந்து மயினிக்கு இடம் கொடுத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மயினி வாயைத் திறக்கும்போதே ஃபோன் அடித்தது. கத்தாரிலிருந்து அண்ணன். அவனும் அங்கே காலையிலிருந்து வேலையில் மனம் வைக்காமல் இருந்திருப்பான். நான் எடுக்கப் போனேன். மயினி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். பஸ் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏங்க, நல்லா கேளுங்க. மருந்து கேக்குது."

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொன்னான், குரல் உடைந்திருந்தது.

"அழுவாதீங்க, முழுசாக் கேளுங்க. கட்டி அளவு அம்புட்டாக் குறையல. ஆனா சுத்தி இருந்த கொழுப்புல மொத தடவ ஒரு வளையம் கறுத்துக் கெடந்துச்சு, இப்ப அந்த வளையம் ஒடுங்கிட்டு வருது. என் கண்ணால பாத்தேன். திரும்ப சாய ஊசி போட்டு எடுத்த படத்துலயும் கட்டி ரத்தம் குடிக்கது குறஞ்சிருக்காம். அது ரெண்டும் சேந்துதான் சொல்லுதாவ. அதனால மருந்த மாத்தல, இதையே முழுசாப் போடுதாவ. அப்புறம்தான் மார்ல கத்தி. முழுசா எடுக்கணுமா, கொஞ்சம் எடுத்தாப் போதுமான்னு அப்பப் பாப்பாவ. எப்படி எடுத்தாலும் சரின்னுட்டேன். ஒரு பக்கம் இல்லைன்னா ஒரு பக்கத்துக்கு ரவிக்க தைக்க எனக்குத் தெரியாதா?"

பஸ்ஸில் எங்களைச் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தேன். தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்குப் பார்த்தேன். அந்தத் தடத்தில் நிறையப் பேர்.

"இசக்கி, மெதுவாப் பேசு" என்றான் அண்ணன். "பஸ்ஸுலயா இருக்க? பக்கத்துல பொம்பளையள் இருப்பாவல்லா?"

"இருக்கட்டும். அவுகளுக்கும்தான் ரெண்டு ரெண்டு இருக்கு. கேட்டுக்கிடட்டும்."

பின் இருக்கையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மயினி இரண்டு பேரையும் பார்த்தார், குரலைத் தாழ்த்தவில்லை.

சயான் நிறுத்தம் வந்தது. இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு எழுந்தார்கள். மயினிக்கு இடம் கொடுத்தவளும் பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். பேசியது புரிகிற அளவுக்குத் தமிழ் அவளுக்குத் தெரிந்திருந்தது. மயினியின் காதருகே குனிந்து, இந்தியில், எப்படித் தெரிய வந்தது, வலி இருந்ததா என்று கேட்டாள்.

மயினி ஃபோனை என் கையில் திணித்தார்.

"அண்ணங்கிட்ட நீ பேசுல. எனக்கு வேல வந்துட்டு" என்று சொல்லிவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.